பிரஸ் பட்டறையில் சத்தம் பிடிக்கப் போன கதை

நாளைக்குக் கண்காட்சி. ஓர் இருட்டறை, நாலு ஸ்பீக்கர், அதில் ஓயாத தொழிற்சாலைச் சத்தம். அதுதான் என் படைப்பு. சத்தம் மட்டும் இன்னும் கையில் இல்லை.

காலையிலேயே மண்ணூர்பேட்டைக்கு ஓடினேன். நான் டிசைன் செய்யும் இரும்பு ஸ்டூல்களைச் செய்து தரும், தகடு அழுத்தி வெட்டும் பிரஸ் பட்டறை அங்கேதான். ரெக்கார்டிங் பண்ண வருகிறேன் என்று ஓனரிடம் நேற்றே சொல்லியிருந்தேன்.

உள்ளே போனால் மயான அமைதி. ஃபேன்கூட ஓடவில்லை.

"ரெக்கார்டிங்னு சொன்னீங்கல்ல மேடம், அல்லா மிஷினையும் நிறுத்திட்டேன். பக்கத்து ஷெட்லயும் சொல்லிக்கீறேன். சத்தமே வராது."

"அண்ணா, எனக்கு அந்தச் சத்தம்தான் வேணும்!"

"இத்தப் போயி யாராச்சும் கேப்பாங்களா?" என்று சிரித்தார். ஆட்களை டீக்கு அனுப்பிவிட்டாராம். வரும்வரை உட்காரச் சொன்னார்.

எங்கே உட்கார்வது? ஸ்டூல் வரையும்போது மனசு ஸ்பீக்கரில் இருக்கும். ஸ்பீக்கர் முன்னால் உட்கார்ந்தால் ஸ்டூல் ஞாபகம் வரும். பல வருடமாக இதே பிழைப்பு.

அங்கே கிடந்த என் ஸ்டூல் ஒன்றிலேயே உட்கார்ந்து, சும்மா ரெக்கார்டரைப் போட்டேன். ஹெட்போனில் டக் டக் என்று கேட்டது.

"அண்ணா, இந்த ஸ்டூல் ஆடுது. வெல்டிங் சரியில்லையா?"

குனிந்து பார்த்தார்.

"ஸ்டூலு ஸ்டெடியாத்தான் கீது மேடம். நீங்கதான் வந்ததுலேர்ந்து கால ஆட்டிக்கினே கீறீங்க."

ஆட்கள் திரும்பி வந்தார்கள். கரண்ட் போய்விட்டது.

ஆக, என்னிடம் இருப்பது என் கால் போட்ட தாளம் மட்டும்தான். நாளைக்கு அதையே ஓடவிடப் போகிறேன். பெயருக்குக் கீழே கலைஞர் என்று போடவா, ஸ்டூலை டிசைன் செய்தவர் என்று போடவா?

சீக்கிரம் சொல்லுங்கள், கால் இன்னும் நிற்கவில்லை.