கறுப்புத் தாளுக்குக் கீழே

கூரையைப் புதுப்பிக்கும்போதே பரணில் கிடக்கும் பழைய ஆளிச் செடிச் சக்கையையும் அள்ளிவிட்டுக் குளிர் தடுக்கும் கண்ணாடிப் பஞ்சு போட்டுவிடலாம் என்று மருமகன் டொனாடஸ் சொன்னதிலிருந்து கஸிமீரஸ் யாரிடமும் முகம் கொடுத்துப் பேசவில்லை.

லிதுவேனியக் கூட்டுப்பண்ணையில் டிராக்டர் ஓட்டிய காலத்தில், குளிருக்காக அவரே பரப்பிய சக்கை அது. மழை ஒழுகினாலும் நனையாதிருக்க, தீவனக் குழி மூடும் கறுப்பு பாலிதீன் தாளைப் பண்ணையிலிருந்து கொண்டுவந்து அதன்மேல் விரித்தார். அவருடைய யோசனைதான். அதைப் பார்த்துத் தங்கள் பரணிலும் விரித்துத்தரத் தெருவே அவரைக் கூப்பிட்டது. எந்த வீட்டில் தாள் விரித்தாலும் அன்று அங்கே உருளைக்கிழங்கு அப்பமும் பீரும் உண்டு.

"பழசு மேலயே புதுசைப் போடுங்க மாப்ள. கீழ இருக்கறது கல்லு மாதிரி இருக்கு."

"ஆமா, கல்லு மாதிரிதான் குளிருது," என்றாள் அவர் மனைவி எல்வீரா. போன குளிர்காலம் முழுக்க நெஞ்சுச் சளியோடு அடுப்போரமே படுத்துக் கிடந்தவள். "இன்னொரு தடவை என்னால முடியாதுங்க. பரணைச் சரி பண்ணுங்க, இல்லன்னா நான் மக வீட்டுக்குப் போயிடறேன்."

"உத்தரத்தைப் பாக்காம மூடக் கூடாது மாமா," என்றான் டொனாடஸ்.

கஸிமீரஸ் கத்தியோடு தானே ஏறினார். தாளின் ஓரத்தைத் தூக்கினால் அடிப்பக்கமெல்லாம் நீர்த்துளி. சக்கை கறுத்துப்போய், பிழிந்தால் ஒழுகியது. மழை ஒரு சொட்டும் இறங்கியிருக்கவில்லை. கீழே சமைத்த ஆவியும் விட்ட மூச்சும் மேலே போய், தாளைத் தாண்டி வெளியேற வழியில்லாமல் இத்தனை வருடமும் அங்கேயே தங்கியிருந்தன. உத்தரத்தில் கத்தி பிடிவரை இறங்கியது.

"என்ன, கல்லா?" எல்வீரா கீழிருந்து கேட்டாள்.

"இல்ல."

டொனாடஸ் ஏறி வந்து மற்ற உத்தரங்களையும் குத்திப் பார்த்தான். "இது பஞ்சு போடற வேலையோட போகாது மாமா. எல்லாத்தையும் இறக்கணும். பனிக்கு முன்னால முடியாது. ரெண்டு பேரும் எங்ககூட வந்துடுங்க."

எல்வீரா ஒரு வார்த்தைகூடத் திட்டவில்லை. கம்பளி உடுப்புகளை மடிக்கத் தொடங்கினாள். திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அவருக்கு.

பக்கத்து வீட்டு ப்ரோனியுஸ் போன கோடையில்தான் தன் பரணில் கஸிமீரஸ் அந்தக் காலத்தில் விரித்த தாளுக்கு மேலேயே புதுப் பஞ்சைப் போட்டு மூடியிருந்தான்.

"வாய்யா," என்று கதவைத் திறந்தான் ப்ரோனியுஸ். "என்ன, மாமியார் செத்த மூஞ்சி?"

கஸிமீரஸ் தொப்பியைக் கழற்றினார்.

"ஏணிய எடு. உன் பரணைப் பாக்கணும்."