கண்டி ரத்தம்

அட்டை கடிச்சா மத்தவங்களுக்கு ரத்தம் நிக்காம ஓடும். எனக்குச் சட்டுன்னு உறைஞ்சிரும். அதுல எனக்கு இருந்த திமிரு இருக்கே, ஐயோ! கண்டியில இருந்து கப்பலேறி வந்து சேரம்பாடி தேயிலை எஸ்டேட்டுல பேர் பதிஞ்ச புதுசு. கொழுந்து நிறுக்கிற இடத்துல காலைக் காட்டி, "கண்டி ரத்தம்டி இது, கெட்டி ரத்தம்"னு பீத்திக்குவேன். ரெண்டு புள்ளைய வயித்துலயே பறிகொடுத்தவளுக்கு வேற என்னத்தப் பீத்திக்க இருந்துச்சு?

மூணாவதா உண்டாகியிருந்தப்ப இடது கால் தூணாட்டம் வீங்கிருச்சு. எண்ணெயக் காய்ச்சி வச்சுக்கிட்டு, உருவி விடச் சொல்லி எங்க லயத்து வரிசை வீட்டுப் பொம்பளைங்ககிட்ட காலை நீட்டிட்டேன். வீட்டுக்காரரு வந்து ஒரு சத்தம் போட்டு, ஊட்டி பஸ்ஸுல ஏத்திட்டாரு. உருவியிருந்தா ரத்தக்கட்டி நெஞ்சுக்குப் போயிருக்குமாம். சாவுக்கு எண்ணெய் காய்ச்சுனதும் நானேதான்.

பெரியாஸ்பத்திரி டாக்டரம்மா கோயமுத்தூர்ப் பக்கம். எனக்கும் 'ங்க' போட்டுத்தான் பேசுனாங்க. அவங்களையாச்சும் விட்டேனா? அங்கயும் அட்டைப் பெருமைய அவுத்து விட்டேன்.

"அட்டை சங்கதி எனக்குத் தெரியாதுங்க. ஆனா ரத்தம் உறையறதுதான் உங்க வியாதியே"ன்னாங்க. "பொறக்கறப்பவே உடம்புல காவலுக்கு ஆளுங்க உண்டு. கிருமி வந்தா மொத அடி அவங்களுதுதான். உங்க உடம்புல யாரோ சொந்த ஊட்டு ஆளையே திருடன்னு கை காட்டிடறாங்க. காவலாளுங்க விசாரிக்காம கூட்டமா வந்து அடிக்கறாங்க. அந்தக் கலவரத்துல ரத்தம் கட்டிக்குது, கொழந்தைக்குப் போற வழி அடைச்சுக்குது. இதையே இப்பத்தானுங்க கண்டுபிடிச்சிருக்காங்க."

ரத்தம் உறையாம இருக்க ஊசி போட்டாங்க, தினம் முழுங்கச் சின்ன மாத்திரையும் குடுத்தாங்க. அப்புறம் ஒருநாள் டிஸ்பென்சரிக்குப் போற வழியில அட்டை கடிச்சு ரத்தம் ஓடுச்சு பாருங்க! புகையிலைய வச்சு அமுக்குனேன், நிக்கல. "எங்கடி உன் கண்டி ரத்தம்?"னு பொம்பளைங்க சிரிச்சாளுங்க. மானம் போச்சு.

"எனக்கு மாத்திரையே வேணாம், ரத்தமெல்லாம் தண்ணியாப் போச்சு"ன்னு வீட்டுல குதிச்சேன்.

"உன் பெருமை பெருசா, புள்ள பெருசா?"ன்னாரு அவரு. மூஞ்சத் தூக்கி வச்சுக்கிட்டே முழுங்குனேன்.

மாசம் நெறையறதுக்கு முன்னாலயே பொண்ணு பொறந்தா. பூனைக்குட்டி அளவு. பொறந்ததும் வீல்னு கத்துனா. நான் பதறிப்போயி நர்சம்மா கையப் புடிச்சுக்கிட்டேன். "என்னா ஆச்சும்மா, ஏன் இப்படிக் கத்துது?"

"பொறந்த புள்ளைன்னா அழத்தாம்மா செய்யும்"னு அவங்க சிரிச்சாங்க.

எனக்கு எப்படித் தெரியும்? அதுவரைக்கும் என் புள்ளை ஒண்ணுகூட அழுததில்ல.