தடுக்காமல் எழுதி மட்டும் வைத்தது

அந்தக் கட்டளையை அடித்தவள் நான்தான். அடிக்கச் சொன்னவர் முதலாளி. இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். இல்லாவிட்டால் அவர்மேல் கோபப்பட எனக்கு அருகதை இல்லாமல் போய்விடும்.

இரண்டாயிரங்களின் நடுப்பகுதி. சிம்மக்கல்லில் ஒரு மொத்த வியாபாரக் கடைக்கு மேலே, மாடியில் எங்கள் அலுவலகம். வீட்டில் சௌராஷ்டிரம் பேசுகிற குடும்பங்களுக்காக ஒரு திருமண இணையதளம் நடத்தினோம். முதலாளியும் எங்கள் ஆட்களில் ஒருவர், நானும் அப்படித்தான். எனக்கு இருபத்துநாலு வயது. சர்வர் என் பொறுப்பு. சர்வர் என்றதும் குளிரூட்டிய அறை என்று நினைக்க வேண்டாம். ஒரு ஸ்டீல் மேசைக்கு அடியில் உறுமிக்கொண்டிருந்த ஒற்றைக் கணினி. இணையதளமும் அதில்தான், அலுவலகக் கோப்புகளும் அதில்தான்.

என்னோடு வேலை பார்த்த இன்னொருவர் ஸ்கேன் செய்கிற அண்ணன். முப்பத்தைந்து வயதிருக்கும். அலுவலகத்தில் எல்லோரும் அவரைப் பாய் என்பார்கள், நான் அண்ணே என்பேன். பழைய ஊருக்குள் பள்ளிவாசலை ஒட்டிய தெருவில் அவர் வீடு. பெண்ணைப் பெற்றவர்கள் ஒரு புகைப்படமும் கையால் நிரப்பிய விண்ணப்பமும் கொண்டுவந்து தருவார்கள். இரண்டையும் அவர் ஸ்கேன் செய்வார். படம் இணையதளத்துக்குப் போகும். விண்ணப்பம் போகாது. அதில் வீட்டு விலாசம், தொலைபேசி எண், சம்பளம் எல்லாம் இருக்கும். இரண்டு வீட்டாரும் சம்மதித்த பிறகுதான் நம்பரைக் கொடுப்போம். அந்த நம்பிக்கையில்தான் அவர்கள் மாடிப்படி ஏறி வந்தார்கள்.

ஒரு படம் துளி சாய்ந்திருந்தாலும் அண்ணன் மறுபடி வைத்து எடுப்பார். "நம்ம கோணலா எடுத்துட்டு, பாக்குறவன் அந்தப் புள்ளயே கோணல்னு நெனச்சிரக் கூடாது தங்கச்சி" என்பார்.

இனி அந்தக் கணினிக்கு நான் போட்டிருந்த பூட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். இணையதளத்தை வெளியுலகத்துக்கு எடுத்துக்கொடுப்பது, பின்னணியில் ஓயாமல் ஓடுகிற ஒரு நிரல். இந்த வகை நிரலை டீமன் என்பார்கள், இதன் பெயர் வெப் சர்வர். யார் யாரோ வந்து பேசுகிற நிரல் என்பதால் திருட வருகிறவன் அதன் வழியாகத்தான் வருவான். சாதாரணமாக ஒரு கோப்பை யார் பார்க்கலாம் என்பதை அதன் சொந்தக்காரர் தீர்மானிப்பார். எஸ்.இ.லினக்ஸ் என்கிற பூட்டு அதற்கும் மேலே நிற்கும். ஒவ்வொரு கோப்புக்கும் ஒரு முத்திரை, ஒவ்வொரு டீமனுக்கும் ஓர் எல்லை. இன்ன முத்திரை உள்ளதைத்தான் வெப் சர்வர் தொடலாம் என்று விதியில் எழுதியிருந்தால் அவ்வளவுதான். சொந்தக்காரரே ஊருக்கெல்லாம் திறந்து வைத்தாலும் அது மற்றதைத் தொட முடியாது. அந்த டீமனை எவனாவது வசப்படுத்தினாலும் அந்த எல்லைக்குள்ளேயே முட்டிக்கொண்டு கிடக்க வேண்டியதுதான். மூன்று வாரம் உட்கார்ந்து படித்து அதை ஓட வைத்திருந்தேன். எனக்கு அதில் பெருமை இருந்தது.

ஒருநாள் காலையில் புதிதாக ஏற்றிய படங்கள் எதுவும் தளத்தில் தெரியவில்லை. படம் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கட்டம். காரணம் எனக்கு உடனே புரிந்தது. அண்ணன் தன் ஃபோல்டரிலிருந்து படங்களை நகலெடுக்காமல் அப்படியே நகர்த்தியிருந்தார். நகர்த்தினால் பழைய முத்திரை கூடவே வரும். அந்த முத்திரையைப் பார்த்து வெப் சர்வரைப் பூட்டு தடுத்துவிட்டது. அவர்மேல் தப்பில்லை, நான் சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும்.

அதற்குள் இரண்டு வீட்டிலிருந்து போன். முதலாளி சென்னையில் தளத்தை வடிவமைத்தவரைக் கூப்பிட்டார். அந்த ஆள், எஸ்.இ.லினக்ஸை யாரும் வைத்துக்கொள்வதில்லை, நிறுத்தச் சொல்லுங்கள் என்றிருக்கிறார்.

"ஏம்மா, நீ போட்ட பூட்டு நம்மளயே உள்ள விட மாட்டேங்குதே. எடுத்து விடு."

"சார், பத்து நிமிசம் கொடுங்க. முத்திரைய மாத்திட்டா படம் வந்துரும். பூட்டும் இருக்கும்."

"வந்ததுலருந்து இதத்தான் சொல்ற. படிச்ச படிப்ப எங்கிட்டக் காட்டாத. எடுன்னா எடு."

அந்தப் பூட்டில் மூன்று நிலை உண்டு. தடுப்பது ஒன்று. தடுக்காமல், நடந்ததை எழுதி மட்டும் வைப்பது இன்னொன்று. மூன்றாவது, அடியோடு நிறுத்துவது. அவர் தலைக்கு மேல் நின்றுகொண்டிருந்தார். நான் இரண்டாவதை அடித்தேன். படங்கள் வந்தன. "பாத்தியா?" என்றார். அந்த ஒரு சொல்லை நினைத்தால் இன்றைக்கும் என் காது சுடுகிறது.

பூட்டை மறுபடி போடலாமா என்று அந்த வாரமே கேட்டேன். முறைத்தார். அதற்குப் பிறகு நான் கேட்கவில்லை. இது என் பங்கு.

இரண்டு மாதம் கழித்து ஒரு பெண் வந்தாள். பள்ளிக்கூட ஆசிரியை, என் வயதுதான். கையில் குடையை இறுக்கிப் பிடித்திருந்தாள்.

"என் நம்பர யாருக்குக் கொடுத்தீங்க? ஒருத்தன் பத்து நாளா போன் பண்றான். என் நட்சத்திரம், அப்பா வேல, என் சம்பளம் எல்லாம் சொல்றான். நான் எந்த பஸ்ல போறேன்னு கேக்குறான்."

அவள் குரல் உடையவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. அதே வாரத்தில் இன்னும் மூன்று வீட்டார் வந்தார்கள். முதலாளி ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. விண்ணப்பமெல்லாம் யார் ஃபோல்டரில் இருக்கிறது? அண்ணனின் ஃபோல்டரில். அதை எல்லோருக்கும் திறந்து வைக்கச் சொன்னவர் முதலாளியேதான், தன் கணினியிலிருந்து பார்க்க வசதியாக. அது அவருக்கு ஞாபகம் வரவில்லை.

வந்திருந்தவர்கள் முன்னாலேயே என் பக்கம் திரும்பி, எங்கள் வீட்டு மொழியில் பேசினார். நம் வீட்டுப் பெண்களின் படத்தை அந்த ஆள் கையில் கொடுத்ததே தப்பு, அவன் புத்தி அப்படித்தான் இருக்கும், உனக்குத் தெரியாதா என்றார். அண்ணனுக்குப் புரியாது என்ற தைரியம். எனக்குப் புரியும், நானும் தலையாட்டுவேன் என்ற நம்பிக்கை.

அண்ணன் ஸ்கேனரின் மூடியை மெதுவாக இறக்கினார். பிறகு எங்கள் மொழியிலேயே, ஒரு பிசிறு இல்லாமல் பதில் சொன்னார். "சின்ன வயசுல பூரா உங்க தெருவுலதான் விளையாடுனேன். நீங்க சொன்ன எல்லாமே புரிஞ்சது." சட்டைப்பையிலிருந்து அலமாரிச் சாவியை எடுத்து மேசைமேல் வைத்துவிட்டுப் படியிறங்கிப் போனார்.

நான் தலையாட்டவில்லை. ஆனால் வாயும் திறக்கவில்லை. நின்றேன்.

மறுநாள் காலையில்தான் எனக்கு உறைத்தது. அந்தப் பூட்டு தடுக்கத்தான் இல்லையே தவிர, எழுதிக்கொண்டிருந்தது. பதிவைத் திறந்து தேடினேன். ஒரே மாதிரி மீறலை அது முதல் தடவை மட்டும்தான் எழுதும், அதனால் ஒரே ஒரு வரி. வெப் சர்வர், தனக்குச் சம்பந்தமில்லாத அண்ணனின் ஃபோல்டரைத் திறந்து பட்டியல் எடுத்திருக்கிறது. மறுக்கப்பட்டது என்று அதில் எழுதியிருந்தது. ஆனால் மறுக்கவில்லை. மறுக்கக் கூடாது என்று நான்தான் சொல்லியிருந்தேனே. அண்ணனின் பயனர் கணக்கிலிருந்து அல்ல, அந்த டீமனின் கையால். நேரத்தைக் கணக்கிட்டால் வெள்ளிக்கிழமை மதியம் ஒன்று இருபது. அண்ணன் ஜும்மா தொழுகைக்குப் போயிருக்கிற நேரம்.

அதே நேரத்துக்கு வெப் சர்வரின் வருகைப் பதிவைப் பார்த்தேன். வெளியிலிருந்து எவனோ, வெளியூர்க்காரர்கள் தாங்களே படம் ஏற்றுவதற்காக இருந்த பக்கத்தின் வழியாகப் படத்துக்குப் பதில் ஒரு நிரலை ஏற்றியிருக்கிறான். அதை வைத்து விண்ணப்பங்களை ஒவ்வொன்றாக எடுத்திருக்கிறான். கோப்புகளின் பெயர்கள் வரிசையாக இருந்தன. நாற்பத்தொன்று.

அந்த நிரலை அகற்றினேன். படங்களின் முத்திரைகளைச் சரிசெய்து, இனிமேல் நகர்த்தினாலும் தானாக மாறும்படி ஒரு வரி எழுதி, பூட்டைப் போட்டேன். எல்லாப் படமும் தெரிந்தது, பூட்டும் இருந்தது. நான் அன்றைக்குக் கேட்டது பத்து நிமிடம். ஏழில் முடிந்துவிட்டது. மேசையை ஓங்கிக் குத்தினேன், வலித்தது.

தாள்களை அச்செடுத்து முதலாளி முன் வைத்து ஒவ்வொரு வரியாக விளக்கினேன். கேட்டார். வெள்ளிக்கிழமை என்று வந்ததும் நிமிர்ந்தார்.

"ஆள வச்சு செஞ்சிருப்பான்ம்மா."

"சார், அந்தப் பூட்டு இருந்திருந்தா எவனும் ஃபோல்டருக்குள்ள போயிருக்க முடியாது. எடுக்கச் சொன்னது நீங்க. எடுத்தது நான். அவரு எங்க வந்தாரு இதுல?"

"சரி விடு. அவன்தான் போயிட்டானே. வெளிய சொல்லி நம்ம பேரக் கெடுத்துக்கவா?"

அவருக்குப் புரியாமலில்லை. எல்லாம் புரிந்த பிறகுதான் அப்படிச் சொன்னார்.

அன்று மாலை அண்ணன் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி தேநீர் கொடுத்தார். நாற்பத்தொரு விண்ணப்பம் போனதைச் சொல்லித் தாள்களை நீட்டினேன். அவர் வாங்கவில்லை.

"இத எங்கிட்ட எதுக்குத் தங்கச்சி காட்டுறீங்க? நான் செய்யலன்னு எனக்குத் தெரியுமே."

எனக்கு முகம் எரிந்தது. அவரிடம் காட்டினால் என் மனம் லேசாகும் என்றுதான் போயிருக்கிறேன். வேறெதற்கு?

"காட்ட வேண்டியவங்க நாப்பது வீட்டுல இருக்காங்க" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. வாசல்வரை வந்து, "பாத்துப் போங்க" என்றார்.

மறுநாள் காலை பத்து மணிக்கு அலுவலகத் தொலைபேசியை எடுத்தேன். முதலாளி எதிரில் உட்கார்ந்திருந்தார். முதல் எண்ணை அழுத்தினேன்.

"உங்க பொண்ணு விண்ணப்பம் வெளிய போயிருச்சும்மா. எங்க கம்ப்யூட்டர்லருந்துதான். தப்பு எங்க மேல. ஸ்கேன் பண்றவரு செய்யல, அவருக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல. தெரியாத நம்பர்லருந்து போன் வந்தா போலீஸ்ல சொல்லுங்க."

சிலர் திட்டினார்கள். திட்டட்டும். ஓர் அம்மா, "அய்யோ, அந்த பாய்தான்னு நாங்க எல்லார்கிட்டயும் சொல்லிட்டமே" என்றார்.

"சொன்ன எல்லார்கிட்டயும் போயி மாத்திச் சொல்லுங்க" என்றேன். என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது.

எட்டாவது வீட்டில் பேசிக்கொண்டிருந்தபோது முதலாளி வயரைப் பிடுங்கினார். நம் ஆட்களையே காட்டிக்கொடுக்கிறாயா என்று எங்கள் மொழியில் கத்தினார். நான் தமிழில் பதில் சொன்னேன். என்ன சொன்னேன் என்பதை இங்கே எழுத முடியாது. பட்டியலை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு இறங்கினேன். எதிரே இருந்த எஸ்.டி.டி. பூத்தில் மீதி முப்பத்துமூன்று வீட்டுக்கும் பேசி முடிக்க இரண்டு நாள் ஆனது.

அந்த ஆசிரியை தாள்களோடு காவல் நிலையத்துக்குப் போனாள், நானும் கூடப் போனேன். அங்கே டீமன் என்றால் என்னவென்று நான்கு பேருக்கு விளக்கினேன். ஆள் அகப்படவில்லை. கொஞ்ச நாளில் அழைப்புகள் நின்றுவிட்டன. அவள் எண்ணை மாற்றிக்கொண்டாள். அண்ணன் கீழவாசல் பக்கம் ஒரு ஸ்டூடியோவில் வேலைக்குச் சேர்ந்தார். முதலாளியிடமிருந்து அவருக்கு ஒரு வார்த்தை வரவில்லை.

தளம் இன்னும் மூன்று ஆண்டு ஓடியது. பிறகு ஒரு கல்யாண மண்டபத்தில் முதலாளியைப் பார்த்தேன். பந்தியில் எனக்கு எதிர் வரிசை. சிரித்தபடி பக்கத்தில் இருந்தவரிடம் என்னைக் காட்டி, "நம்மகிட்ட வேல பாத்த புள்ள. கெட்டிக்காரி. கோபம்தான் கொஞ்சம் சாஸ்தி" என்றார்.

இலையை மூடிவிட்டு எழுந்தேன். பாயசம் அப்போதுதான் வந்துகொண்டிருந்தது.