பிலோமினாவின் பயம்

பிலோமினா போய்விட்டாள் என்று அவளுடைய கணவர் தொலைபேசியில் சொன்னபோது நான் புத்தளத்தில் என் கிளினிக்கில் இருந்தேன். வெளியே நோயாளர் காத்திருந்தார்கள். ‘இன்னாலில்லாஹி’ என்று சொல்லிவிட்டு, அதற்குமேல் என்ன கேட்பதென்று தெரியாமல், சாப்பிட்டீர்களா என்று அவரிடம் கேட்டேன். எத்தனையோ குடும்பங்களுக்கு மரணச் செய்தி சொன்னவள் நான். கேட்டுக்கொள்ளத் தெரியவில்லை.

அவளிடம் மருந்து எடுத்த மன்னார்ச் சனங்களே, உங்களுக்கு அவள் கண்டிப்பான டொக்டர். ஊசிக்கு முகம் சுளிக்கும் பெரிய ஆம்பிளைகளை அதட்டுவாள். சீனி வருத்தத்தோடு கோவில் திருநாளில் இனிப்புத் தொதல் தின்றவர்களை வீதியில் வைத்தே விசாரிப்பாள். அவளுக்கும் பயம் இருந்தது என்றால் சிரிப்பீர்கள். நான் அறிந்தவர்களில் அதிகம் பயந்தவள் அவள்தான்.

மன்னார்ப் பக்கம், பேசாலையிலிருந்து அவளும் விடத்தல்தீவிலிருந்து நானும் மருத்துவம் படிக்க யாழ்ப்பாணம் போய், ஒரே அறையில் தங்கினோம். பிணம் அறுத்துப் படிக்கும் மண்டபத்துக்குள் முதன்முதலாகப் போன அன்று பாதிப் பேருக்குக் குமட்டியது. நான் முக்காட்டின் நுனியை மூக்கில் அழுத்திக்கொண்டு நின்றேன். பிலோமினா மட்டும் அசையாமல் நின்றாள். பெரிய தைரியசாலிதான் என்று அறைக்கு வந்ததும் சீண்டினேன். அவள் சிரிக்கவில்லை.

“அந்த மனுசனுக்கு இனி எங்களால ஒரு கெடுதலும் செய்யேலாது, நஸீரா. உயிரோட வரப்போற ஆக்களை நினைச்சால்தான் எனக்கு நடுங்குது” என்றாள். அதுவரை எனக்கு அப்படி ஒரு நினைப்பே வந்ததில்லை. அதன்பிறகு போகவும் இல்லை.

அவளுடைய ஊரோ அவளை அப்போதே டொக்டர் ஆக்கிவிட்டிருந்தது. அவளுக்கு அனுமதி கிடைத்த செய்தியைப் பங்குச் சுவாமி ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிவில் அறிவித்தாராம். முதல் விடுமுறைக்கு நானும் அவளோடு பேசாலைக்குப் போனேன். கிழிந்த வலை பொத்திக்கொண்டிருந்தவர்கள் அவளைக் கண்டதும் எழுந்து நின்றார்கள். பிள்ளை பிணத்தையே வெட்டிப் படிக்கிறாள், இனி அவளுக்குத் தெரியாதது என்ன இருக்கிறது என்பது அவர்கள் எண்ணம். உண்மையில் நாங்கள் அதுவரை படித்திருந்தது மனிதக் கை ஒன்றை மட்டும்தான்.

ஒரு காலை அந்தோனி மாமாவைக் கூட்டிவந்தார்கள். அவளுடைய தகப்பனோடு தொழிலுக்குப் போகிறவர். வலையை உதறும்போது கணுக்காலில் கடல்பாம்பு பட்டிருக்கிறது. சின்னப் புள்ளிகள் தெரிந்தன, வீக்கமில்லை, வலியுமில்லை. அது கடிக்கவில்லை, பல் உரசியதுதான் என்று அவரே தீர்மானித்திருந்தார். மன்னார் ஆசுபத்திரிக்குப் போக அவருக்கு மனமில்லை. ஒன்றுமில்லை என்று படித்த பிள்ளை ஒரு வார்த்தை சொன்னால் வீட்டுக்குப் போய்ப் படுத்துவிடுவார். முற்றம் நிறைய ஆட்கள். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன்.

அவள் குந்தியிருந்து அவருடைய காலைப் பார்த்தாள். தகப்பன் பெருமையோடு பக்கத்தில் நின்றார்.

“எனக்குத் தெரியாது, மாமா” என்றாள். “தெரியாதபடியாத்தான் சொல்லுறன். இப்பவே ஆசுபத்திரிக்குப் போங்கோ.”

அந்தோனி மாமாவின் மனைவி, இதைச் சொல்லவா உன்னை இவ்வளவு தூரம் படிக்க அனுப்பினோம் என்று ஏசினார். தகப்பன் தலையைக் குனிந்துகொண்டார். பிலோமினா திரும்பத் திரும்ப அதையே சொன்னாள். கடைசியில் அழத் தொடங்கினாள். அவள் அழுததைப் பார்த்துப் பயந்துதான் அவரை மீன் லொறியில் ஏற்றினார்கள். மன்னார் போய்ச் சேருமுன்பே கைகால் விறைத்து, கண்ணைத் திறக்க முடியாமல் போய்விட்டதாம்.

நாங்கள் யாழ்ப்பாணம் திரும்புமுன் அவர் பிழைத்து வந்தார். வந்தவர் நேரே அவள் வீட்டுக்குத்தான் வந்தார், கையில் ஒரு பெரிய பாரை மீனோடு. ஏசிய மாமி அவளுடைய கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். உயிர் தந்த டொக்டர் என்று தெருவெல்லாம் பேச்சு. அன்று பின்னேரம் கடற்கரையில் அவள் முகம் வெளிறிப் போயிருந்தது.

“ஏசினபோது எனக்குப் பயம் வரேல்லை. இப்பதான் பயமாக் கிடக்கு. இனி நான் என்ன சொன்னாலும் நம்புவினம்” என்றாள்.

படிப்பை விட்டுவிடப் போவதாகவும் சொன்னாள். விடாதே என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எப்படியோ இருவரும் திரும்பிப் போனோம், படித்து முடித்தோம். போரில் இடம்பெயர்ந்து நான் புத்தளம் வந்தேன், அவள் மன்னாரிலேயே வேலை செய்தாள். மனதுக்குச் சரிவராத ஒரு நோயாளியை வீட்டுக்கு அனுப்பிய நாட்களில் ஒருவரையொருவர் தொலைபேசியில் அழைப்போம். ஆறுதல் சொல்வதில்லை. எனக்கும் பயமாக் கிடக்கு என்று மறுமுனையில் ஒரு குரல் கேட்கும். அதோடு படுக்கப் போவோம்.

அவளிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தப் பயம்தான். செய்தி வந்த அன்று, கண்ணைத் துடைத்துவிட்டு அடுத்த நோயாளியைக் கூப்பிட்டேன். காய்ச்சல் குழந்தையோடு ஒரு இளம் தாய். ஒன்றுமில்லைத்தானே டொக்டர் என்று கேட்டாள். இன்றைக்குச் சொல்ல முடியாது, நாளைக் காலையும் கொண்டுவாருங்கள், இடையில் சோர்ந்தால் நேரே ஆசுபத்திரிக்குப் போங்கள் என்றேன். அவள் முழுதாக நம்பித் தலையாட்டிவிட்டுக் குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு போனாள். எனக்குப் பயமாக் கிடக்கு, பிலோ. சொல்ல ஆளில்லை.