ஒருவழிப் பாதையில் ஒரு வாய்ச் சோறு

பகல் ஒரு மணி. கொழும்பில் பெயர் தெரியாத ஒரு பெரிய வீதியோரத்தில் தனியாக நிற்கிறேன். என் கணவர் இன்சுலின் ஊசி போட்டு நாற்பது நிமிடம் ஆகிவிட்டது. இன்னும் ஒரு வாய் சாப்பிடவில்லை. அவருக்குக் கண் சரியாகத் தெரியாது. இருக்கிற ஒரே போன் என் கையில். சீனி குறைந்தால் கொடுப்பதற்கென்று வைத்திருக்கும் டொஃபிப் பொட்டலம் என் பையில். அவர் எங்கே நிற்கிறார் என்பது மட்டும் எனக்குத் தெரியாது.

அம்மன் வாசலில் என்னோடு கைகூப்பி நிற்கும் சொந்தங்களே, இதை உங்களிடம் சொல்ல எனக்கு ஒரு வருடம் ஆனது. அம்மன் செய்த உதவியைச் சொல்ல வேண்டுமென்றால் நான் செய்த தப்பையும் சொல்ல வேண்டும். அந்த வெட்கம்தான் வாயைக் கட்டி வைத்திருந்தது.

போன வருடம் பங்குனி மாதம். வட்டகொடைக்கு மேலே மலையில் இருக்கும் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் திருவிழாவுக்குக் காப்புக் கட்டியாகிவிட்டது. என் கணவர் பால்குடம் எடுப்பதாக நேர்ந்திருந்தார். மஞ்சள் கயிறு அவர் மணிக்கட்டில். காப்புக் கட்டினால் கவுச்சி கூடாது, ஊர் எல்லை தாண்டித் தங்கக் கூடாது. இதெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான். ஆனால் கொழும்புக் கண் ஆஸ்பத்திரியில் அவருக்குக் கொடுத்த நாள் அந்த வாரத்துச் செவ்வாய்க்கிழமையாக வந்து விழுந்தது. சீனி வருத்தம் கண்ணுக்குள் இறங்கியிருந்தது. அந்த நாளை விட்டால் இனி எப்போது கிடைக்குமோ.

"தங்காம வந்துருங்க" என்றார் பூசாரி.

"ரயில்ல தூங்குறது தங்குறதுல சேராதுல்ல?" என்று என் கணவர் கேட்டார். பூசாரிக்கே சிரிப்பு வந்துவிட்டது.

திங்கள் இரவு ரயிலேறினோம். நாங்கள் இருவரும் கொழும்பை அதற்கு முன்பு பார்த்ததில்லை. விடியக் கோட்டை ஸ்டேஷனில் இறங்கியதும் எனக்கு முதலில் தொலைந்தது திசை. நம் ஊரில் ஒரு பக்கம் மேடு, ஒரு பக்கம் பள்ளம். ஃபெக்டரி கீழே, கோயில் மேலே. கண்ணை மூடிக்கொண்டு நடந்தாலும் கால் சொல்லும். கொழும்பில் கால் ஒன்றும் சொல்லவில்லை. எல்லாப் பக்கமும் ஒரே தட்டை. எல்லாப் பக்கமிருந்தும் மனிதர்கள். மூச்சு விட்டால் சூடான ஈரத்துணியை முகத்தில் போட்ட மாதிரி இருந்தது. அவருடைய சட்டை நுனியை ஆஸ்பத்திரி வாசல் வரை நான் விடவேயில்லை.

ஆஸ்பத்திரியில் நல்லபடியாகத்தான் நடந்தது. கண்ணில் சொட்டு மருந்து விட்டுப் பார்த்தார்கள். வெளியே வந்தபோது பன்னிரண்டு தாண்டிவிட்டது. அந்த மருந்தால் மாலை வரை எல்லாம் மங்கலாகத்தான் தெரியும் என்று நர்ஸ் சொல்லியிருந்தார். வெயில் பட்டதும் என் கணவர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, "புள்ள, கொழும்பு பூரா பனி மூட்டம்" என்றார். நம்மூர்ப் பனியை நினைத்து நானும் சிரித்தேன்.

கொஞ்ச தூரம் நடந்து ஒரு சாப்பாட்டுக்கடையில் உட்கார்ந்தோம். சோறும் பருப்பும் சொன்னோம். வீட்டில் எப்படியோ அப்படியே, சோறு வருவதற்கு முன் அவர் சட்டையைத் தூக்கி வயிற்றில் ஊசியைப் போட்டுக்கொண்டார். அப்போதுதான் பக்கத்து மேசைக்கு மாட்டிறைச்சி வந்தது. கண்ணாடிக்குப் பின்னால் பரிமாறுகிறவரைப் பார்த்தேன். இறைச்சியில் விட்ட அதே கரண்டியைத்தான் பருப்பிலும் விட்டார்.

"எழும்புங்க" என்றேன்.

"ஊசி போட்டாச்சே புள்ள."

"வேற கடை பாப்போம். அதே கரண்டிங்க. பாத்துக்கிட்டுத்தானே இருக்கீங்க?"

"எனக்கு எங்க தெரியுது? மருந்து ஊத்தி விட்டிருக்காங்க. கண்ணு தெரியாதவனுக்குக் கரண்டியும் தெரியாது. எனக்குப் பாவமில்ல."

"காப்புக் கட்டின கை. வெளையாடாதீங்க."

அவர் சண்டை போடுகிறவர் இல்லை. எழுந்து வந்துவிட்டார். அவர் அன்று சண்டை போட்டிருக்கலாம்.

சைவக்கடை எங்கே என்று கேட்டோம். அந்த வீதியிலேயே நேரே, பஸ்ஸில் ஏறினால் மூன்றாவது நிறுத்தம் என்றார்கள். பஸ் வந்தது. அது நிற்கவில்லை, மெதுவாக ஓடியது. நான் முன் கதவில் காலை வைத்தேன். பின்னால் வந்தவர்கள் என்னை உள்ளே தள்ளினார்கள். கொண்டக்டர் சிங்களத்தில் முன்னே போ, முன்னே போ என்று கத்தினார். என் கணவர் பின் கதவில் ஏறியிருப்பார் என்றுதான் நினைத்தேன். ஆட்களுக்கிடையில் எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டே போனேன். மூன்றாவது நிறுத்தத்தில் இறங்கினேன். பின் கதவிலிருந்து நாலு பேர் இறங்கினார்கள். பஸ் போய்விட்டது. அவர் இல்லை.

அந்த நிமிடத்தை எப்படிச் சொல்ல? வெயில் அப்படியே இருந்தது. என் கை மட்டும் தண்ணீரில் போட்டது போல் சில்லிட்டது.

உடனே ஒரு யோசனை வந்தது. இதில் என்ன பயம்? எதிர்ப்பக்கம் போய் நிற்போம். இதே நம்பர் பஸ் திரும்பி வரும். ஏறினால் அவர் நிற்கும் இடத்தில் போய் இறங்கலாம். தலவாக்கலை டவுனுக்குப் போன பஸ் அதே ரோட்டில்தானே தோட்டத்துக்குத் திரும்பி வருகிறது. மலைக்கு இருப்பது ஒரே ரோடு. நாற்பத்தெட்டு வயது வரை அந்த ஒரு ரோட்டில் வாழ்ந்தவளுக்கு வேறு எப்படி நினைக்கத் தோன்றும்?

வீதியைக் கடந்து நின்றேன். ஐந்து நிமிடம். பத்து நிமிடம். வாகனங்கள் எல்லாம் ஒரே பக்கமாக, அடைமழைக்குப் பிறகு ஓடும் ஆறு மாதிரிப் போய்க்கொண்டிருந்தன. சாப்பாட்டு நேரம், எல்லாரும் அந்தப் பக்கம் போகிறார்கள் போல என்று நினைத்தேன். இப்படியும் ஒரு பைத்தியம் இருக்குமா? பதினைந்து நிமிடம். திரும்பி வரும் பஸ் ஒன்றைக்கூடக் காணவில்லை.

சாப்பிடாமல் ஊசி போட்டால் என்ன ஆகும் என்று நான் ஏற்கனவே பார்த்திருக்கிறேன். வேர்வை கொட்டும். கை உதறும். நாக்கு குழறும். பிறகு கண் செருகும். ஒரு முறை எங்கள் லயத்து வீட்டு வாசலிலேயே சாய்ந்துவிட்டார். அன்று பக்கத்து வீட்டுக்காரர்கள் ஓடி வந்தார்கள். இங்கே யார் ஓடி வருவார்கள்? குடித்துவிட்டு விழுந்து கிடக்கிறான் என்று தாண்டிப் போவார்கள்.

எல்லாம் என்னால். கரண்டியைப் பார்த்த கண், போட்ட ஊசியைப் பார்க்கவில்லையே.

நடுத்தெருவில், முகம் தெரியாத நூறு பேருக்கு நடுவில், கையைக் கூப்பினேன். ஸ்லோகம் வரவில்லை. பாட்டு வரவில்லை. "தாயே" என்று மட்டும் வந்தது. "தாயே, நான் எட்ட முடியாத எடத்துல நிக்கிறாரு. நீ போ. எந்தக் கையாலயாவது அவருக்கு ஒரு வாய் ஊட்டி விடு." இவ்வளவுதான் கேட்டேன். உரக்கவே கேட்டேன். ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை என்னைத் திரும்பிப் பார்த்துக்கொண்டு போனது.

கையை இறக்கும்போது ஓர் ஆட்டோ பக்கத்தில் வந்து நின்றது. ஓட்டி வந்தவர் முஸ்லிம் தம்பி ஒருவர். நான் தமிழில் வாய்விட்டுக் கேட்டது அவர் காதில் விழுந்திருந்தது.

"என்ன அக்கா, யாரத் தேடுறீங்க?"

சொன்னேன். பஸ் திரும்பி வரவில்லை என்பதையும் சொன்னேன்.

"இதால பஸ் திரும்பி வராது அக்கா. இது வன்வே ரோட். போற பஸ் எல்லாம் அடுத்த ரோட்டாலதான் திரும்பும். நாளைக்கு விடியுமட்டும் நின்டாலும் வராது. ஏறுங்க."

ஏறினேன். "அப்படியே திருப்புங்க தம்பி" என்றேன்.

"திருப்ப ஏலாது அக்கா. சுத்தித்தான் போகணும்."

சுற்றினோம். சிவப்பு விளக்கு. மறுபடி சிவப்பு விளக்கு. கடையின் பெயர் என்ன என்று கேட்டார். தெரியாது. பக்கத்தில் என்ன இருந்தது? ஒரு பெரிய பால்மா விளம்பரம், சிரிக்கிற குழந்தை.

"அந்தக் குழந்தை கொழும்பு முழுக்கச் சிரிச்சிட்டு இருக்கு அக்கா" என்றார். கேலி இல்லை. அவருக்கும் பயம் வந்துவிட்டது என்று குரலில் தெரிந்தது. மூன்று நிறுத்தம் என்று நான் சொன்னதை வைத்துக் கணக்குப் போட்டு, அதற்கும் முன்னாலிருந்து அந்த வீதிக்குள் மெதுவாக நுழைந்தார். நான் வலப்பக்கம், அவர் இடப்பக்கம் பார்த்துக்கொண்டே போனோம்.

கடை வந்தது. நிறுத்தம் வந்தது. அங்கே அவர் இல்லை.

அப்போது என் உயிர் என்னிடம் இல்லை, அதை மட்டும் சொல்வேன்.

கொஞ்சம் தள்ளி ஒரு மர நிழலில் நாலைந்து பேர் நின்றார்கள். ஒருவன் சிரித்துக்கொண்டு சிங்களத்தில், "பகலிலேயே போட்டுட்டான்" என்று சொல்லிவிட்டு நகர்ந்தான். அவன் நகர்ந்த இடைவெளியில் பார்த்தேன். மதிலில் சாய்ந்து, கால் நீட்டி, சட்டையெல்லாம் நனைந்து என் கணவர். அவருக்குப் பக்கத்தில் நடைபாதையிலேயே உட்கார்ந்து ஒரு பெண். வீதி கூட்டும் பெண். விளக்குமாற்றை மதிலில் சாத்தி வைத்திருந்தாள். மடியில் விரித்த சோற்றுப் பார்சல். உருண்டை பிடித்து, இடது கையால் அவர் தாடையைத் தாங்கி, ஊட்டிக்கொண்டிருந்தாள்.

ஓடினேன். கிட்டே போனதும் வாசனை அடித்தது. சோற்றின் மேல் குழம்பில் ஊறிய ஒரு மீன் துண்டு.

நான் திறந்த வாயில் முதலில் வந்த சொல் அவருடைய பெயர் இல்லை. "மீனு" என்றேன்.

சொந்தங்களே, இதைத்தான் ஒரு வருடம் மறைத்து வைத்திருந்தேன்.

அவர் என் குரலைக் கேட்டு, தெரியாத கண்ணால் என் பக்கம் திரும்பி, குழறிக் குழறி, "வந்துட்டியா புள்ள" என்றார். அந்தப் பெண் என்னைப் பார்த்து, "பயவென்ன எபா அக்கே" என்றாள். பயப்படாதே அக்கா என்று. அதற்குமேல் நிற்க முடியாமல் நானும் அந்த நடைபாதையில் உட்கார்ந்துவிட்டேன்.

எனக்குத் தெரிந்த சிங்களத்தில் பேசினேன். அவள் பெயர் சுமனா. அவளுடைய கணவருக்கும் சீனி வருத்தமாம். மற்றவர்களுக்குக் குடியாகத் தெரிந்த வேர்வை அவளுக்கு மட்டும் என்னவென்று தெரிந்திருக்கிறது. போத்தலில் வைத்திருந்த சீனி போட்ட ப்ளேன்டீயை முதலில் சொட்டுச் சொட்டாகக் கொடுத்தாளாம். அவர் விழுங்கவும் கண் திறக்கவும், தன் பகல் சாப்பாட்டைப் பிரித்திருக்கிறாள். எந்நாளும் இந்த வீதியில்தான் வேலையா என்று கேட்டேன். இல்லை, இங்கே கூட்டுகிறவளுக்குக் காய்ச்சல், இன்று காலையில்தான் என்னை இந்தப் பக்கம் போட்டார்கள் என்றாள்.

தற்செயல் என்று சொல்கிறவர்கள் சொல்லட்டும். நான் எந்தக் கையாலாவது என்று கேட்டவள். அந்தக் கையை என் கண்ணால் பார்த்தவள்.

மீதி உருண்டைகளை நான் ஊட்டவில்லை. கை நீட்டினேன், ஆனால் சுமனா விடவில்லை. "எனக்குப் பழக்கம்" என்று சிரித்துக்கொண்டே கடைசிப் பருக்கை வரை அவளே ஊட்டினாள். கை கழுவ அவளுக்கு நான் தண்ணீர் ஊற்றினேன். அவள் சாப்பாடு தீர்ந்துவிட்டது என்று ஆட்டோத் தம்பி ஓடிப்போய் ஒரு பார்சல் வாங்கி வந்தார். எங்களை பஸ் நிலையத்தில் கொண்டுபோய் ஏற்றிவிட்டுத்தான் அவரும் போனார்.

ஹட்டன் பஸ்ஸில், கினிகத்தேனை வளைவுகளில் அவர் என் தோளில் தூங்கினார். எனக்குத் தூக்கமில்லை. உயிர்ப் பயம் போனதும் மற்றப் பயம் வந்து உட்கார்ந்துகொண்டது. காப்புக் கையோடு மீன் சாப்பிட்டாயிற்று. அம்மன் என்ன செய்வாளோ. சொல்லாமல் விட்டுவிடலாமா என்றுகூட யோசித்தேன். ஆனால் அவர் மறைக்கவில்லை. மறுநாள் காலையில் கோயிலுக்குப் போய் எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார்.

"மீன் தின்ன வாயோட பால்குடமா? நல்லாருக்கே கூத்து" என்றார் கோயில் கமிட்டியில் ஒருவர்.

"நானா எடுத்துத் தின்னலங்க. ஊட்டி விட்டாங்க" என்றார் என் கணவர். கர்ப்பக்கிரகத்தைக் கையால் காட்டினார். "ஊட்டினவ உள்ளதான் இருக்கா. அவகிட்டயே கேட்டுக்கங்க."

பூசாரி திரும்பி அம்மனைப் பார்த்தார். பிறகு தட்டோடு வந்து, முதல் ஆளாக என் கணவருக்குத் திருநீறு பூசினார். வெள்ளிக்கிழமை அவர் பால்குடம் எடுத்தார். கோயில் படி ஏறும் வரை நான் குடத்தையே பார்த்துக்கொண்டு பின்னால் போனேன். ஒரு சொட்டுச் சிந்தவில்லை.

இப்போது ஊசியைத் தட்டில் சோறு விழுந்த பிறகுதான் போடுகிறோம். அவர் சட்டைப் பையிலும் சீனி இருக்கிறது, என் நம்பர் எழுதிய கடுதாசி இருக்கிறது. இது வெளியே மாறியது. உள்ளே மாறியதையும் சொல்கிறேன். எங்கள் தோட்டத்துக் கீழ் லயத்தில் சில வீடுகள். அந்த வாசலில் "உள்ள வாங்கக்கா, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்க" என்று கூப்பிடும்போதெல்லாம், "இப்பத்தான் குடிச்சேன்" என்று இருபத்தைந்து வருடமாகப் பொய் சொல்லி வந்தேன். ஏன் என்று உங்களுக்குத் தெரியும். நாம் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. திருவிழா முடிந்த அடுத்த ஞாயிறு நானாகவே ஒரு வீட்டுக் கதவைத் தட்டி, "தேத்தண்ணி இருக்கா?" என்று கேட்டேன். அந்தத் தங்கச்சி இருந்ததிலேயே நல்ல கோப்பையைத் தேடி எடுத்தாள். சாப்பிட்டுப் போகச் சொன்னாள். சாப்பிட்டேன்.

பயம் என்னைவிட்டுப் போய்விட்டது என்று சொன்னால் அதுவும் பொய். ஆறு மாதத்துக்கு ஒரு முறை கொழும்புக்குப் போகிறோம், கோட்டையில் இறங்கும்போது இன்னும் அவர் சட்டை நுனியைப் பிடித்துக்கொள்கிறேன். ஆனால் அம்மனைக் கூப்பிடத் தெரிந்திருக்கிறது. நாளைக்குக் கிளினிக் நாள் வைத்திருப்பவர்களே, பிள்ளையை ஊர் தெரியாத வேலைக்கு அனுப்பிவிட்டுத் தூங்காமல் கிடப்பவர்களே, நீங்களும் கூப்பிடுங்கள். ஸ்லோகம் வராவிட்டால் பரவாயில்லை, "தாயே" என்றாலே போதும். யாரையாவது அனுப்புவாள். அனுப்பிய ஆள் முன்னால் வந்து நிற்கும்போது, நான் "மீனு" என்றது போல் நீங்கள் சொல்லிவிடாதீர்கள். வாயைத் திறந்து வாங்கிக்கொள்ளுங்கள்.