கரையைக் காணவில்லை

இது நடந்தது. நம்பச் சொல்லி யாரையும் கெஞ்சப் போவதில்லை. பொய் சொல்வதாக இருந்தால், என்னையே இவ்வளவு கேவலமாகக் காட்டும் ஒரு பொய்யையா சொல்வேன்? பயம் இரண்டு கிழமையில் போய்விட்டது. வெட்கம்தான் இன்னும் போகவில்லை.

என் பெயர் தனுஷா. கல்லடியில், கடலோடு கலக்கும் பெரிய வாவியின் கரையை ஒட்டிய ஒரு வீட்டின் மேல்மாடியில் எங்கள் சிறிய மென்பொருள் அலுவலகம் இருக்கிறது. அங்கே நானும் ஸாஜித்தும்தான். ஸாஜித் காத்தான்குடியிலிருந்து மோட்டார் சைக்கிளில் வந்து போவான். நிரல் எழுதுவதில் என்னைவிட வேகம். ஆனால் அலுவலகத்தில் நான்தான் மூத்தவள். அந்த நினைப்பு எனக்குக் கொஞ்சம் அதிகம்.

சென்ற கார்த்திகையில் வாவிக்கு அப்பால் படுவான்கரையிலுள்ள மீனவர் சங்கம் ஒன்றுக்கு ஒரு வலைத்தளம் செய்தோம். காற்றிலோ மழையிலோ வாவியில் மாட்டிக்கொண்டவர் தன் சாதாரண போனிலிருந்து ஒரு எஸ்.எம்.எஸ். அனுப்பினால் போதும். எங்கள் தளம் அதை வாங்கி, தோணியின் பெயரைச் சேர்த்து, சங்கத்து ஆட்கள் எல்லோருக்கும் உடனே அனுப்பும். வலைத்தளம் என்பது ஒரே துண்டு அல்ல. சிறு சிறு பகுதிகளைக் கோத்துத்தான் அது ஓடும். ஒவ்வொரு பகுதியையும் மொடியூல் என்போம். செய்தியை வாங்கி அனுப்பும் மொடியூலை ஸாஜித் எழுதினான். அதற்கு 'கரை' என்று ஆங்கில எழுத்தில் பெயர் வைத்தான்.

மறுநாள் காலை திறப்பு விழா. முதல் நாள் மாலை தளத்தை சேர்வரில் ஏற்ற வேண்டும். மழை இருட்டிக்கொண்டு வந்தது. "நீ போ ஸாஜித், நான் ஏத்துறன்" என்று அனுப்பிவிட்டேன்.

ஏற்றினேன். திரை சிவந்தது.

கரை என்ற மொடியூலைக் காணவில்லை.

என் கொம்பியூட்டரில் அது இருந்தது. கண்ணுக்கு முன்னால் இருந்தது. சேர்வரில் மட்டும் இல்லை என்றது. எல்லாவற்றையும் அழித்துத் திரும்ப நிறுவினேன். தேவையான மொடியூல்களின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சரி பார்த்தேன். பாதையை மாற்றிப் பார்த்தேன். திரும்ப ஏற்றினேன். அதே வரி. ஸாஜித்துக்குப் போனில் ஒரு கோல் எடுத்திருக்கலாம். எடுக்கவில்லை. சின்னவனிடம் கேட்பதா என்றிருந்தது.

ஆறே முக்காலுக்கு சங்கத்துச் செயலாளர் நல்லரத்தினம் ஐயா எனக்குப் போன் எடுத்தார்.

"புள்ள, நாளைக்கு எல்லாரும் வாறாங்க. சாமான் சரிதானே?"

"ஓம் ஐயா. எல்லாம் சரி."

சொல்லிவிட்டேன். இனி அதைச் சரியாக்க வேண்டும். நான் செய்தது இதுதான். அந்த மொடியூல் கிடைக்காவிட்டால் சத்தம் போடாமல் தாண்டிப் போ என்று சில வரிகள் எழுதினேன். ஏற்றினேன். சிவப்பு போய்விட்டது. தளம் அழகாகத் திறந்தது. வாவியின் படம், தோணிகளின் பெயர் போட இடம், எல்லாம் இருந்தன. உள்ளே ஒன்றும் இல்லை. விழாவில் யார் சோதித்துப் பார்க்கப் போகிறார்கள், பிறகு ஆற அமரத் திருத்தலாம் என்று நினைத்தேன்.

ஏழு ஐந்துக்குக் கரண்ட் போனது.

இணையமும் அதோடு போனது. லேப்டொப் வெளிச்சம் மட்டும். போனைப் பார்த்தேன். சிக்னல் ஒரு கோடுகூட இல்லை. மழை கொட்டியது. அந்த மழைக்குள்ளும் யன்னலுக்குக் கீழே ஒரு சத்தம் தெளிவாகக் கேட்டது.

டொக்... டொக்...

தோணியின் பக்கத்தில் துடுப்பு முட்டும் சத்தம். எட்டிப் பார்த்தேன். மின்னல் அடித்தபோது தண்ணீர் முழுதும் தெரிந்தது. தோணி எதுவும் இல்லை.

போன் அதிர்ந்தது.

எங்கள் தளத்தின் இலக்கத்திலிருந்து ஓர் எஸ்.எம்.எஸ். சோதனைக்காக என் இலக்கத்தை மட்டும்தான் அதில் போட்டிருந்தோம்.

"தோணி: கண்ணகை. கரை தெரியுதில்ல."

கண்ணகை என்ற பெயரில் நாங்கள் எந்தத் தோணியையும் பதியவில்லை. ஸாஜித் விளையாடுகிறான் என்று நினைத்தேன். எரிச்சலாக வந்தது. அழித்தேன்.

டொக்... டொக்...

இப்போது சத்தம் கீழே இல்லை. படிக்கட்டில்.

போன் அதிர்ந்தது.

"தோணி: கண்ணகை. ஆராச்சும் இரிக்கிறீங்களா?"

சேற்று மணம் அறைக்குள் வந்தது. அழித்தேன். அழித்தால் நின்றுவிடும் என்று ஏன் நினைத்தேன்... தெரியாது.

டொக்.

கதவுக்கு வெளியே.

போன் மறுபடி அதிர்ந்தது. திரையைப் பார்க்கவில்லை. பார்த்தால் ஏதோ ஆகிவிடும் போலிருந்தது. கண்ணை மூடிக்கொண்டு தடவி...

அதையும் அழித்தேன்.

சத்தம் நின்றது.

எவ்வளவு நேரம் அப்படியே இருந்தேன் என்று தெரியாது. பிறகு ஓடினேன். படிக்கட்டு மேலிருந்து கீழ்வரை ஈரமாக இருந்தது. கூரை ஒழுகவில்லை.

காலையில் சங்கத்துக் கட்டடத்துக்கு ஸாஜித் எனக்கு முன்பே வந்திருந்தான். விழா தொடங்க இன்னும் நேரம் இருந்தது. என் லேப்டொப்பை வாங்கித் திறந்தான். நான் எழுதிய வரிகளைப் பார்த்துவிட்டான்.

"அக்கா, இத ஏன் இப்பிடி மூடி வெச்சீங்க?"

"கரைய காணல்ல எண்டு சொல்லிச்சு."

"என்ட பிழதான். ஃபோல்டர் பேர்ல முதல் எழுத்த பெருசாப் போட்டுட்டன். நம்மட கொம்பியூட்டருக்குப் பெருசும் சின்னதும் ஒண்டு. சேர்வருக்கு வேற வேற. ஒரு கோல் எடுத்திரிக்கலாமே."

எழுத்தை மாற்றினான். ஏற்றினான். முதல்முறையாகத் தளம் உண்மையாகவே ஓடியது.

"ராவு ஏன் எனக்கு மெசேஜ் அனுப்பி விளையாடின நீ?" என்றேன்.

அவன் நிமிர்ந்து பார்த்தான். "நானா? ராவு முழுக்க எங்கட பக்கம் கரண்டும் இல்ல, சிக்னலும் இல்ல. அதோட... கரை இல்லாம இந்தத் தளத்தால எப்பிடி மெசேஜ் அனுப்புறது? ஒண்டும் போகாது அக்கா. ஒரு எழுத்தும் போகாது."

விழா நடந்தது. என்னை மேடைக்குக் கூப்பிட்டுச் சால்வை போர்த்தினார்கள். கை தட்டினார்கள். முன்வரிசையில் மீனவர்களின் மனைவிமார் பிள்ளைகளை மடியில் வைத்துக்கொண்டு சிரித்தார்கள். என்னால் அவர்களின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

எல்லோரும் போன பிறகு நல்லரத்தினம் ஐயாவிடம் போனேன். நேற்றுச் சொன்னது பொய் என்றேன். அவர் கோபிக்கவில்லை. இப்போது வேலை செய்கிறதுதானே என்றார். பிறகுதான் கேட்டேன்.

"ஐயா, கண்ணகை எண்டு ஒரு தோணி இங்க இருக்கா?"

கையிலிருந்த தேநீர்க் கோப்பையை அவர் கீழே வைத்தார்.

"ஆர் சொன்ன?"

சொன்னேன். மூன்று மெசேஜ் வந்ததையும் சொன்னேன். அழித்ததை மட்டும் சொல்லவில்லை. அவர் கதிரையில் மெல்ல உட்கார்ந்தார்.

"என்ட தம்பிர தோணி. போன மாரியில காத்துக்குள்ள அம்பிட்டுப் போனவன். மூணு தரம் எனக்குப் போன் அடிச்சான் புள்ள. நான் சங்கத்துக் கூட்டத்தில இருந்தன். ரெண்டு தரம் கட் பண்ணினன். மூணாந்தரம் போனையே அணைச்சுப் போட்டன். அவனையும் கண்டெடுக்கல்ல, தோணியையும் கண்டெடுக்கல்ல. அதுக்குப் பிறகுதான் இப்பிடி ஒண்டு செய்யச் சொல்லி உங்களிட்ட வந்த."

வெளியே வாவி அசையாமல் கிடந்தது. அவர் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார். ஒரு வருடமாக யாரிடமும் கேட்க முடியாததைக் கேட்பவர் போல.

"கடைசி மெசேஜில என்ன எழுதியிருந்தான்?"

"வாசிக்கல்ல ஐயா" என்றேன். "பாக்காமலே அழிச்சுப் போட்டன்."