கஞ்சிதானே என்று இருந்துவிட்டோம்

பிரதி அதிபரின் மேசையில் எப்போதும் ஒரு நீலச் சுடுதண்ணிப் போத்தல் இருக்கும். அதில் சிங்களத்தில் ஹாத்தாவாரிய என்னும் தண்ணீர்விட்டான் வேர்த்தூளும் சோயா மாவும் போட்டுக் காய்ச்சிய கஞ்சி. கெலிஓயாவில் நாங்கள் ஒரே பாடசாலையில் படிப்பித்தோம். மாதவிடாய் நின்று இரண்டு வருடமாகியும் அவருக்கு உடம்பு திடீரென்று எரியும். பாதிப் பாடத்தில் வியர்த்து வழிய ஜன்னலருகே போய் நிற்பார். டொக்டர் ஹோமோன் குளிசை பற்றிச் சொன்னதும் பயந்துவிட்டார். "அது கேன்சர கூட்டிட்டு வருமாம் டீச்சர். இது வெறும் வேரு. வேரு என்னா செய்யப் போகுது?" நானும் தலையாட்டினேன். கண்டிக் கடையில் தூள் வாங்கிக் கொடுத்ததே நான்தான்.

ஒரு காலை என் காதருகே குனிந்து, "நான் திரும்பவும் கொமரியாயிட்டேன். மஞ்சத் தண்ணி ஊத்த வாங்க!" என்று சிரித்தார். நின்றுபோன இரத்தம் மறுபடி வந்திருந்தது. கஞ்சி வேலை செய்கிறது என்று நினைத்து நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பில் ஐந்து மாதம் போய்விட்டது.

ஆஸ்பத்திரியில் "மருந்து ஏதும் பாவிக்கிறீங்களா?" என்று கேட்டார்கள். "இல்ல டொக்டர்" என்றார். பொய்யில்லை, எங்களுக்குக் கஞ்சி சாப்பாடு. பக்கத்தில் நின்ற நானும் வாய் திறக்கவில்லை. கருப்பையில் புற்றுநோய்.

சத்திரசிகிச்சைக்குப் பிறகுதான் தூளைப் பற்றி டொக்டரிடம் சொன்னேன். அவர் திட்டவில்லை. "குளிசையிலயும் ஆபத்து இருக்கு. ஆனா அதுக்கு அளவு இருக்கு. கருப்பை இருக்கிறவங்களுக்குப் பாதுகாப்பா இன்னொரு ஹோமோனும் சேத்துத்தான் குடுப்போம், பாத்துக்கிட்டே இருப்போம். இந்தத் தூள்லயும் ஹோமோன் மாதிரி வேல செய்யிறது இருக்கலாம், ஆனா என்ன, எவ்வளவுன்னு யாருக்குத் தெரியும்? அதுதான் காரணம்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா இரத்தம் கண்ட அன்னைக்கே வந்திருக்கணும்." என்னைக் குற்றவாளி என்றோ இல்லை என்றோ அவர் சொல்லியிருந்தால் எனக்குத் தூக்கம் வந்திருக்கும். மறுவருடம் பிரதி அதிபர் இறந்துபோனார்.

இப்போது எனக்கு ஐம்பத்து மூன்று, மாதவிடாய் நின்று ஒன்றரை வருடம். அதே எரிச்சல், அதே வியர்வை. குளிசைக்கும் பயம், வேருக்கும் பயம், எதையும் தொடவில்லை. அப்படியிருந்தும் போன மாதம் பாவாடையில் இரத்தக் கறை கண்டேன். எல்லாம் தெரிந்த நான், டொக்டர் சொன்னதை வரிக்கு வரி நினைவில் வைத்திருக்கும் நான், பதினொரு நாள் யாரிடமும் மூச்சு விடவில்லை. வாளியில் ஊறிய துணியைப் பார்த்து மகள்தான் பிடித்தாள்.

"எத்தன நாளாம்மா?"

சொன்னேன். அவள் கத்தவில்லை. ஃபோனை எடுத்து டொக்டரிடம் நேரம் கேட்டாள்.

நேற்றுத் திசு எடுத்திருக்கிறார்கள். முடிவு வர வியாழக்கிழமையாகும். பேராதனை ஆஸ்பத்திரியிலிருந்து பஸ்ஸில் வரும்போது, பிள்ளையிடம் சொல்லக் கூடாதென்று அடக்கி வைத்திருந்தது வெளியே வந்துவிட்டது. "பயமா இருக்கு மகள்" என்றேன்.

"எனக்குந்தாம்மா" என்றாள். இறங்கும் வரை என் கையை விடவில்லை.